மீனுக்கு அம்மை போட்ட ஆடி

நம் ராமச்சந்திராபுரம் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கென்று போனில் ஒரு குழு இருக்கிறதல்லவா? பிள்ளைகள் என்று பேர்தான். எல்லோருக்கும் முட்டி வலி, பாதிப் பேருக்குச் சர்க்கரை. தினமும் காலையில் யாராவது ஒருவர் பூங்கொத்துப் படத்தோடு ஆரம்பித்துவிடுகிறீர்கள். அந்தக் காலம் போல வருமா, ஃபாக்டரி சங்குச் சத்தம் போல வருமா, நம் அப்பாக்கள் போல வருமா. போன வாரம் அப்பாக்களைப் பற்றி ஒருவர் உருகி எழுத, அத்தனை பேரும் கைகூப்பியிருந்தீர்கள். நான் கூப்பவில்லை. ஏன் என்று ஒருத்தி தனியாகக் கேட்டாள். அவளுக்கு மட்டும் சொல்வானேன், எல்லோருக்குமே சொல்லிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். பொறுமை இல்லாதவர்கள் பூங்கொத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

ஓர் ஆடி மாதம் எங்கள் வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது சிலருக்காவது ஞாபகம் இருக்கும். உங்கள் அம்மாக்கள் உங்களை எங்கள் பக்கம் விடவில்லை. எனக்கு அம்மை என்றுதான் எல்லோரும் நினைத்தீர்கள். எனக்கு ஒரு கொப்புளம்கூட இல்லை. அம்மை போட்டது மீனுக்கு.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நானும் அப்போது சிரித்தேன். எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு வேறென்ன தெரியும்?

மீன்கள் எங்களுடையவை அல்ல. அப்பாவுக்கு மேலதிகாரி ஒருவர் இருந்தார், வீட்டில் அவரைப் பெரிய சார் என்போம். எங்களைப் போலவே திருச்சியிலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்கு மாற்றலாகி வந்தவர். பயிற்சிக்காகக் குடும்பத்தோடு வெளிநாடு போனபோது, “நம்ம ஊர் ஆளு, நல்லாப் பாத்துக்குவான்” என்று தன் மீன் தொட்டியை எங்கள் வீட்டில் விட்டுப் போனார். ஜீப்பில் வந்து இறங்கியது தொட்டி. இரும்புச் சட்டத்தில் மக்குப் பசை வைத்துப் பொருத்திய கண்ணாடி, தகர மூடிக்குள் ஒரு குண்டு பல்பு, குமிழி விட ஒரு சின்ன மோட்டார். அந்த மோட்டாரின் உர்ர் சத்தம் இல்லாமல் அந்த வருடம் எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. முக்கோணமாக நீந்தும் ஏஞ்சல் மீன்கள், மீசை நீட்டித் தடவித் தடவிப் போகும் கௌராமிகள், கரித்துண்டு போலக் கறுப்பு மோலிகள். கூடத்தில் எப்போதும் ஒரு பாசி வாடை. அப்பா ஆபீசிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே மீனை எண்ணுவார். எங்களை ஒருநாளும் எண்ணியதில்லை.

தொட்டியைக் கவனித்துக்கொண்டது என்னவோ அக்காதான். அக்கா அப்போது இன்டர், பன்னிரண்டாம் வகுப்பு, முடித்திருந்தாள். குவார்ட்டர்ஸில் எந்த நாய்க்குக் காது சீழ் பிடித்தாலும், எந்தக் கன்று கழிந்தாலும் அவள் அங்கே நிற்பாள். ராஜேந்திரநகர் கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து அவளுக்கு நேர்முகத்துக்கு அழைப்பு வந்திருந்தது. நாம் எல்லோரும் அவளை மாட்டு டாக்டர் என்று கேலி செய்தோம், அவளுக்கு அது பிடித்தும் இருந்தது. அப்பா சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. “பாக்கலாம்” என்றார். நம் அப்பாக்களின் “பாக்கலாம்” எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அக்கா அதைப் பாதிச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, இரண்டு பழைய தாவணிகளை ஹாஸ்டலுக்கென்று கஞ்சி போட்டு மடித்து வைத்திருந்தாள்.

மழை பிடித்தது. கூடவே கரண்ட் போய்ப் போய் வந்தது. தொட்டித் தண்ணீரைத் தொட்டால் விரல் சில்லென்றது. வெளியே போனால் மேளம், தலையில் மண்குடமும் வேப்பிலையுமாகப் பெண்கள் தெருவெல்லாம் அம்மன் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் ஒரு கறுப்பு மோலி அடியில் கிடந்த கூழாங்கல்லில் உடம்பைத் தேய்த்தது. அரிப்பெடுத்த மாடு மரத்தில் தேய்க்குமே, அந்த மாதிரி. மறுநாள் அதன் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். பிறகு மற்றவற்றின் மேல். ஏஞ்சல்கள் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நின்றன.

அத்தை பார்த்துவிட்டாள். அப்பாவின் அக்கா. புருஷன் போனபின் எங்களோடுதான் இருந்தாள். “அடி ஆத்தா” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “முத்து போட்டிருக்கே.”

அம்மைக் கொப்புளத்தை முத்து என்றுதான் சொல்ல வேண்டும், கொப்புளம் என்றால் அம்மனுக்குக் கோபம் வரும். நமக்கெல்லாம் தெரிந்ததுதான்.

“மீனுக்கு எப்படி அத்தை அம்மை வரும்?” என்றாள் அக்கா.

“ஏன், மனுசனுக்கு மட்டுந்தான் ஆத்தா சொந்தமா? கோழிக்கு வரல? மாட்டுக்கு வரல? ஊரே கொடம் தூக்கிட்டுப் போகுது, அவ நம்ம வீட்ல வந்து எறங்கியிருக்கா. பேச்சைக் கொற.”

அத்தையின் முகத்தில் அம்மைத் தழும்புகள் உண்டு. சிறுமியாக இருந்தபோது அவளுக்கும் ஒரு தம்பிக்கும் சேர்ந்து பெரியம்மை வந்ததாம். தம்பியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் ஊசி போட்டார்கள், செத்துப்போனான். இவளை வேப்பிலையில் கிடத்தி சமயபுரத்தாளுக்கு நேர்ந்துகொண்டார்கள், பிழைத்துக்கொண்டாள். அவளிடம் யார் என்ன வாதாட முடியும்? அத்தையைப் பற்றி எனக்குப் புகார் குறைவு. அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதலில் ஒரு மோலி செத்தது. அதன் மேலிருந்த வழவழப்பை அக்கா பிளேடால் வழித்து ஒரு கண்ணாடித் துண்டில் வைத்து, ஈரத் துணியில் மூடிக்கொண்டு ஜூனியர் காலேஜுக்கு நடந்தாள். துணைக்கு நான். விலங்கியல் மேடம் அவள்மேல் உள்ள பிரியத்தில் லேபைத் திறந்துவிட்டார். அக்கா மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் குனிந்திருந்தாள். பிறகு என்னைப் பிடித்து இழுத்தாள்.

“உருண்டையா ஒண்ணு மெதுவாச் சுத்துதா? உள்ள லாடம் மாதிரி வளைஞ்சு தெரியுதாடி?”

தெரிந்தது. குதிரைக்கு அடிக்கும் லாடம், கண்ணாடிக்குள் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மேடம் தன் புத்தகத்தை எடுத்து அக்காவுக்குப் படித்துக் காட்டினார். திரும்பி வரும்போது மழையில் தொப்பலாக நனைந்தோம். அக்கா குடையை விரிக்கவே மறந்துவிட்டாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. கல்யாணத்தன்றுகூட.

அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். “அம்மை இல்லப்பா, பூச்சி” என்றாள். “கண்ணுக்குத் தெரியாத பூச்சி. மீன் தோலுக்குள்ள இருக்கிறவரைக்கும் எந்த மருந்தும் அதைத் தொடாது. வளர்ந்ததும் தானா உதிர்ந்து அடியில போய்க் குட்டி போடும். குட்டி வெளிய வர்றப்பதான் கொல்ல முடியும். அதுக்குத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாச் சூடாக்கி, கல்லுப்பு போட்டு வைக்கணும்.”

அப்பா பேப்பரை மடித்தார். “சரி, காப்பாத்திக் காட்டு. மீனைக் காப்பாத்திட்டா மாட்டுக்குப் போகலாம்” என்று சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. அப்பா வாக்குக் கொடுத்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டாள், பாவம்.

மூடிக்குள் இருந்த பல்பை எரியவிட்டாள். கல்லுப்பைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். அத்தை வந்து பல்பை அணைத்தாள். “அம்மை போட்ட எடத்துல உப்பும் சூடுமா? குளுமை கேக்கிறாடி அவ. கண்ணை அவிச்சிரப் போறா.” அக்கா போட, அத்தை அணைக்க, நாள் முழுக்க அந்த சுவிட்ச் படாதபாடு பட்டது. அம்மா அடுப்படியிலிருந்து, “எதுக்குடி பெரியவங்களோட வம்பு” என்று அக்காவைத்தான் அதட்டினாள். கடைசியில் வழக்கு அப்பாவிடம் போனது.

“அத்தை சொல்றபடி செய்வோம்” என்றார் அப்பா. “பெரிய சார் மீனு. நீ அறுத்துப் பாக்கிறதுக்கு அது உன் காலேஜ் தவளை இல்ல.”

பரீட்சை வைத்தவரே பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். இதைச் சுட்டிக்காட்ட அந்த வீட்டில் ஒருவருக்கும் வாய் இல்லை.

உப்புத் தண்ணீரை இறைத்துக் கொட்டினார்கள். மண்பானைத் தண்ணீரை ஊற்றினார்கள். மேலே வேப்பிலைக் கொத்து மிதந்தது, மஞ்சள் கரைந்து மீன்கள் எல்லாம் ஒரே நிறமாயின. வாசலில் வேப்பிலை ஏறியது. வீட்டில் தாளிப்பு நின்றது, அப்பளம் பொரிக்கக் கூடாது, தலை வாரக் கூடாது. யார் கிளம்பினாலும் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. பக்கத்து வீட்டுத் தெலுங்கு ஆன்ட்டி வேப்பிலையைப் பார்த்துவிட்டு, “எவரிகி அம்மவாரு?”, யாருக்கு அம்மை என்று விசாரித்தபோது, மீனுக்கு என்று சொல்ல அம்மாவுக்கு நாக்கு எழவில்லை. என்னைக் கைகாட்டிவிட்டாள். அதனால் நான் ஸ்கூலுக்கும் போகக் கூடாது என்றாயிற்று. உங்களில் ஒருத்தி ஜன்னலுக்கு வெளியே எட்ட நின்று, ஏன் என்பதற்கு நம் குவார்ட்டர்ஸ் உருதில், “கைக்குடி வெளிய வர மாட்டேங்கிற?” என்று கேட்டாயே, நினைவிருக்கிறதா? “அம்மை, கிட்ட வராதே நக்கோ” என்று நானும் ஜம்பமாகச் சொன்னேன். ஸ்கூல் இல்லாத குஷி எனக்கு.

அப்புறம்தான் அந்த அநியாயம் நடந்தது. புள்ளிகள் காணாமல் போயின. ஒரு காலையில் கறுப்பு மோலி முழுக் கறுப்பாக, ஒன்றுமே நடக்காதது போல நீந்திக்கொண்டிருந்தது. ஏஞ்சல்கள் துடுப்பை விரித்துவிட்டன. அத்தைக்குக் கண்ணில் தண்ணீர். “முத்து எறங்கிருச்சு, தாயி, காப்பாத்திட்ட.”

“எறங்கல அத்தை, உதிர்ந்திருக்கு” என்றாள் அக்கா. “எல்லாம் அடியில கெடக்கு. இப்ப விட்டா ஒண்ணுக்கு நூறா வரும். இப்பவாவது பல்பைப் போட விடுங்க. அப்பா, நான் அன்னிக்கே சொன்னேன் இல்ல, தானா உதிரும்னு?”

“கண்ணு முன்னாடி நல்லா நீந்துது. இன்னும் என்ன?” என்றார் அப்பா. “ரெண்டு வேப்பிலையில முடிஞ்சுபோச்சு. இதுக்கு வருஷக்கணக்காப் படிக்கணுமாம்.” அம்மாவும் சிரித்தாள். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அத்தை தலைக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தாள். அம்மை கண்ட வீட்டில் தண்ணீர் ஊற்றும்வரை ஒருவரும் நல்ல காரியத்துக்குப் படி தாண்டக் கூடாது. நேர்முகம் அதற்கு முந்தின நாள்.

அன்று காலை அக்கா குளித்து, கஞ்சி போட்ட தாவணியைக் கட்டிக்கொண்டு, சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்தபடி கூடத்தில் வந்து நின்றாள். தலை வாரக் கூடாதே, கையாலேயே கோதிப் பின்னியிருந்தாள். அத்தை வாசற்படியை மறித்து உட்கார்ந்திருந்தாள்.

“அத்தை சொல்றாங்கல்ல” என்றார் அப்பா. “அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

“மீனுக்குப்பா அம்மை” என்றாள் அக்கா. “எனக்கில்ல. நம்ம யாருக்குமே இல்ல.”

“தெரியும்” என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார். சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு, அத்தை ஒதுங்கி வழிவிட, படி தாண்டிப் போய் கம்பெனி பஸ் ஏறினார். தினமும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார். அவர் படி தாண்டினால் ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள் போலிருக்கிறது.

அந்தத் “தெரியும்” என்ற ஒரு வார்த்தையை நான் எத்தனையோ வருடம் கவனிக்காமல் விட்டிருந்தேன். அத்தை மீனுக்கு அம்மை என்று மனதார நம்பினாள். அப்பா ஒருநாளும் நம்பவில்லை. பெண்ணை ஹாஸ்டலில் விட வேண்டாம், கூடாது என்று தன் வாயால் சொல்லவும் வேண்டாம். அதற்குச் சரியான நேரத்தில் சமயபுரத்தாள் வந்து உதவியிருக்கிறாள். எனக்குப் பெண் பிள்ளைகள் பிறந்து, என் வீட்டிலும் “பாக்கலாம்” என்று ஒரு குரல் கேட்ட பிறகுதான் எனக்கு இது உறைத்தது. கோபம் வந்தபோது கோபித்துக்கொள்ள அவர் உயிரோடு இல்லை.

வெள்ளிக்கிழமை, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை (வெயில் எங்கே, மேகத்தில் வைத்த தண்ணீர்) அத்தை ஒரு சொம்பு எடுத்துத் தொட்டியில் ஊற்றினாள். எங்களுக்குத் துள்ளுமாவு, பானகம். அக்கா வாங்கிக்கொள்ளவில்லை.

சில நாளில் அவள் சொன்னபடியே வந்தது. இந்த முறை புள்ளி என்று சொல்ல முடியாது, ரவையில் புரட்டி எடுத்தது போல மேலெல்லாம் வெள்ளை. குமிழி வரும் இடத்தில் எல்லா மீன்களும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு மேலே தொங்கின. இப்போது யாரும் தடுக்கவில்லை. அக்கா பல்பைப் போட்டாள், உப்பைக் கரைத்தாள், தண்ணீரை மாற்றினாள், ராத்திரி பகல் பார்க்காமல் தொட்டி அருகிலேயே கிடந்தாள். அந்த நிலைமையில் என்ன செய்து என்ன? ஏஞ்சல்கள் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன. கௌராமிகளின் மீசை முதலில் அசைவதை நிறுத்தியது. கூடமெல்லாம் ஒரு நாற்றம், ஊதுபத்தி ஏற்றியும் போகவில்லை.

“உப்பைப் போட்டாளே” என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். “போனவளைத் திரும்பக் கூப்பிட்டு எரிச்சல் மூட்டிட்டாளே.” அப்பா தொட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “கொன்னுட்டியேடி” என்றார். மீன் பிழைத்தபோது அது வேப்பிலையால். செத்தபோது அக்காவின் உப்பால். அவள் என்ன செய்திருந்தால் ஜெயித்திருப்பாள் என்று இன்னும்கூட எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வருடம் என்று ஒன்று வரவில்லை. அக்கா டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனாள். திருமுல்கேரியில் ஒரு ராணுவ ஆபீஸ் கிளார்க்குக்குக் கட்டிக்கொடுத்தார்கள், நல்ல மனிதர்தான். இப்போது கொண்டாப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். லிஃப்ட்டில் யாராவது நாயோடு வந்தால் குனிந்து அதன் காதைத் திருப்பிப் பார்க்கிறாள். மகன், “மம்மி, ப்ளீஸ், போய்க் கையைக் கழுவுங்க” என்கிறான். பழையதை நான் எடுத்தால், “விடுடி, வேற வேலை இல்ல உனக்கு” என்று பேச்சை மாற்றுகிறாள். அவள் விட்டுவிட்டாள். எனக்கு விட மனசில்லை. அதற்குக் காரணம் மீன் செத்தது அல்ல, பெரிய சார் திரும்பி வந்த அந்த ஒரு மாலை.

அவர் வந்தபோது தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தோம். அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். வேர்த்துக் கொட்டியது. மெல்லிய குரலில், வெள்ளைப் புள்ளி வந்தது, எல்லாம் போய்விட்டது என்று சொல்லி முடித்தார். அக்கா காபி டம்ளர்களைத் தட்டில் வைத்து எடுத்து வந்துகொண்டிருந்தாள். அத்தை அடுப்படிக் கதவோரம் நின்றிருந்தாள். நான் அவள் பக்கத்தில்.

“அடடா, வெள்ளைப் புள்ளியா?” என்றார் பெரிய சார். “அது ஒண்ணுமில்லையேய்யா. கைப்பிடி கல்லுப்பைப் போட்டு, பல்பை அணைக்காம எரிய விட்டிருந்தா பொழச்சிருக்குமே.”

இப்போது அப்பா சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். என் பெரியவ இதைத்தான் சார் சொன்னா, லேபுக்குப் போய்ப் பார்த்துட்டு வந்து சொன்னா, நாங்கதான் கேக்கல. இவ்வளவு சொன்னால் போதும். அக்காவும் அதற்குத்தான் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள் என்று நினைக்கிறேன்.

“நானும் அதேதான் சார் சொன்னேன்” என்றார் அப்பா. “உப்பைப் போடுங்க, பல்பை அணைக்காதீங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். வீட்ல பொம்பளைங்க கேட்டாத்தானே? அம்மை, ஆத்தா, வேப்பிலைன்னு ஆரம்பிச்சிட்டாங்க.”

பெரிய சார் கடகடவென்று சிரித்தார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். கதவோரம் அத்தை தழும்பு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். தம்பி தன்னையும் ஆத்தாவையும் ஒரே மூச்சில் விட்டுக்கொடுப்பான் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள்.

“போகட்டும் விடுய்யா, மீன்தானே” என்ற பெரிய சார், அப்போதுதான் அக்காவைப் பார்த்தார். “பெரிய பொண்ணா? என்னம்மா படிக்கிற?”

அக்கா அப்பாவைப் பார்த்தாள்.

“இன்டர் முடிச்சிட்டா சார்” என்றார் அப்பா. “மேல படிக்க வைக்கணும்னு எனக்கு ஆசைதான். அவளுக்குத்தான் இஷ்டமில்ல.”

அக்கா குனிந்து டம்ளரை அவர் முன்னால் வைத்தாள். கொஞ்சமும் தளும்பவில்லை. “சர்க்கரை போதுமா சார்?” என்று கேட்டாள்.